பாஷைக்கு ஒரு பூட்டு

ஜப்பான் தேசத்தில் கியோட்டோ நகரில் 1889-ம் வருஷம் விளையாட்டுச் சீட்டுகள் செய்யும் சிறு ஸ்தாபனமாகத் தொடங்கி, இன்று உலகெங்கும் வீடியோ விளையாட்டு யந்திரங்களை விற்றுவருபவர்கள் நிண்டெண்டோ கம்பெனியார். அவர்களுடைய 'ஸ்விட்ச் 2' என்னும் யந்திரம் 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் மட்டும் அது இரண்டு விதமாக வந்தது. ஒன்று ஜப்பானிய பாஷையைத் தவிர வேறெதையும் அறியாதது; வெளிவந்தபோது அதன் விலை 49,980 யென். மற்றொன்று பல பாஷைகளையும் அறிந்தது; அதன் விலை அப்போது 69,980 யென். இரண்டும் செய்கின்ற வேலை ஒன்றே. ஆற்றலில் யாதொரு வேற்றுமையும் இல்லை. தனக்குத் தெரிந்த பாஷையில் யந்திரம் தன்னோடு பேசவேண்டுமென்று விரும்பியவர் அப்போது 20,000 யென் அதிகமாகக் கொடுக்கவேண்டியிருந்தது. அன்றைய நாணய மாற்று விகிதப்படி அது ஏறக்குறைய 12 ஆயிரம் ரூபாய்.

விளையாட்டுச் சாமானைப் பற்றி ஒரு தினசரிப் பத்திரிகை இவ்வளவு கவலைப்படுவானேன் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக்கூடிய காலம் மலையேறிவிட்டது. அந்த யந்திரம் விற்பனைக்கு வந்த முதல் நான்கு நாட்களில் மட்டும் உலகம் முழுவதிலும் 35 லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கம்பெனியார் அறிவித்தார்கள். ஆனால் நாம் இதை எழுத முன்வந்தது எண்ணிக்கையின் பெருமையைக் கண்டல்ல. ஒரு தேசத்தில் குடியிருந்து, அங்கே உழைத்து, அங்கே வரி செலுத்தும் மனிதனைக் கடைக்காரன் எப்படி நடத்தவேண்டும் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி ஒரு விளையாட்டுச் சாமானோடு முடிந்துவிடும் என்று நாம் நம்பவில்லை.

ஜப்பானில் குடியிருக்கும் அயல்நாட்டார் 2024-ம் வருஷக் கடைசியில் 37 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தார்கள் என்று அந்நாட்டுச் சர்க்காரின் கணக்கு கூறுகிறது. அவர்களில் இந்தியர்கள் மட்டும் 50 ஆயிரம் பேருக்கு மேல். டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் நிஷிகசாய் என்னும் பேட்டையில் இந்தியக் குடும்பங்கள் நெருங்கி வாழ்வது பலரும் அறிந்த செய்தி. கணினித் தொழிலில் அமர்ந்த தமிழர்களும் அங்கே உண்டு. பிழைப்பை நாடிச் சென்றவர்களும், கல்வியை நாடிச் சென்றவர்களும் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். இளம் பிராயத்திலிருந்தே ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளிலும் மின்சாரக் கருவிகளிலும் மோகங்கொண்டு, அவை பிறந்த பூமியிலேயே வாழவேண்டுமென்று சென்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டோக்கியோவின் அகிஹாபாரா என்னும் கடைவீதி ஒரு க்ஷேத்திரம் போன்றது. யுத்தத்துக்குப் பின் ரேடியோ உறுப்புகள் விற்கும் சந்தையாகத் தலையெடுத்து, வீட்டு மின்சாதனங்கள், கணினிகள், வீடியோ விளையாட்டுகள் என்று காலத்துக்கேற்ப வளர்ந்த வீதி அது. தங்கள் பொருளுக்கு இவ்வளவு ஈடுபாடுள்ள வாடிக்கைக்காரர் கிடைப்பது எந்தக் கம்பெனிக்கும் பாக்கியமே. அத்தகைய ரசிகர்மீதுதான் இந்தப் பூட்டு வந்து விழுந்திருக்கிறது.

தேசத்துக்குத் தேசம் பூட்டுப் போடும் வழக்கம் இத்தொழிலில் புதிதன்று. 1983-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி நிண்டெண்டோ கம்பெனியார் 'ஃபாமிகாம்' என்னும் யந்திரத்தை 14,800 யென்னுக்கு வெளியிட்டார்கள். இரண்டு வருஷங்களுக்குப் பின் அதையே வேறு உருவத்தில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்கள். ஜப்பானிய விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுக்கு 60 முனைகள். அமெரிக்கக் கார்ட்ரிட்ஜுக்கு 72 முனைகள். ஒன்று மற்றொன்றில் நுழையாது. அதுவும் போதாதென்று, கம்பெனியாரின் அனுமதி பெறாத விளையாட்டுகளைத் தடுக்கும் ஒரு சிறு சில்லையும் அமெரிக்க யந்திரத்தில் வைத்தார்கள். 1990-ம் வருஷம் வந்த 'சூப்பர் ஃபாமிகாம்' விஷயத்திலோ பூட்டு வேடிக்கையாகவே இருந்தது. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் அமெரிக்க யந்திரத்தில் இறங்காதபடி தடுத்தவை இரண்டு சிறு பிளாஸ்டிக் முட்டுகளே. அவற்றைப் பெயர்த்தெறிந்துவிட்டுக் கடல் கடந்து வந்த விளையாட்டுகளை ஆடிய ரசிகர்கள் பலர்.

பிறகு வந்த டீவிடி தட்டுகளிலும் இதே கதைதான். உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, அமெரிக்காவுக்கு 1, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் 2, இந்தியாவுக்கு 5 என்று எண் கொடுத்தார்கள். ஒரு வட்டாரத்துத் தட்டு மற்றொரு வட்டாரத்துக் கருவியில் ஓடாது. சொந்த ஊரில் பணம் கொடுத்து வாங்கிய தட்டுகளைப் பெட்டி நிறையச் சுமந்துகொண்டு வேற்று நாட்டில் குடியேறியவர், அங்கே கருவியின் முன் அமர்ந்தபோதுதான் இந்த எண்களின் மகிமையை உணர்ந்தார்.

ஆனால் பூட்டில்லாமலே வியாபாரம் செழித்ததும் உண்டு. 1989-ம் வருஷம் வந்த 'கேம் பாய்' என்னும் கையடக்க யந்திரத்துக்குப் பூட்டே கிடையாது. டோக்கியோவில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் லண்டனில் வாங்கிய யந்திரத்திலும் ஓடிற்று. அதனால் கம்பெனிக்கு நஷ்டம் வந்துவிடவில்லை. 2011-ம் வருஷம் வந்த 'த்ரீ டீஎஸ்' யந்திரத்துக்குப் பூட்டு மறுபடியும் போடப்பட்டது. ரசிகர்கள் மனக்கசப்படைந்தார்கள். 2017-ம் வருஷம் மார்ச் மாதம் 3-ந் தேதி வந்த 'ஸ்விட்ச்' யந்திரத்தில் அந்தப் பூட்டு நீக்கப்பட்டது. ஜப்பானில் 29,980 யென்னுக்கு விற்ற யந்திரம் இங்கிலீஷும் பேசிற்று, பிரெஞ்சும் பேசிற்று. ஒரே யந்திரத்தில் இரு தேசத்துக் கணக்குகளையும் வைத்துக்கொண்டு, பிறந்த நாட்டுக் கடையிலும் குடியிருக்கும் நாட்டுக் கடையிலும் விளையாட்டுகளை வாங்க முடிந்தது. அயல்நாட்டில் வாழும் ரசிகருக்கு அது பொற்காலம் என்றே சொல்லவேண்டும். அவ்விதம் எட்டு வருஷங்கள் திறந்திருந்த கதவு மூடப்பட்டதால்தான் இப்போது எழுந்த மனவருத்தம் பெரிதாக இருக்கிறது.

கம்பெனியாரின் கட்சியில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. யென் நாணயத்தின் மதிப்பு மிகவும் வீழ்ந்துவிட்டது. 2011-ம் வருஷத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 75 யென் என்றிருந்த விகிதம் 2024-ம் வருஷம் ஜூலையில் 161 யென் வரைக்கும் சென்றது. 'ஸ்விட்ச் 2' யந்திரத்துக்கு அமெரிக்காவில் வைத்த விலை 449.99 டாலர், அன்றைய விகிதப்படி அது ஏறக்குறைய 65 ஆயிரம் யென். ஜப்பானியத் தொழிலாளியின் கூலி அந்த அளவுக்கு உயரவில்லை. தன் சொந்த நாட்டு ஜனங்கள் வாங்கக்கூடிய விலைக்கு ஒரு கம்பெனி தன் சரக்கை விற்க நினைப்பது தவறாகுமா? பாராட்டத்தக்க காரியம் என்றே நாம் சொல்லுவோம். அப்படிக் குறைந்த விலைக்கு விற்றால், தரகர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் பிற தேசங்களுக்கு அனுப்பிக் கொள்ளை லாபம் அடிப்பார்கள். உள்நாட்டுக் குழந்தைக்கு வெறுங்கைதான் மிஞ்சும். அதைத் தடுக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்பதும் வாஸ்தவமே.

ஆனால், தடுப்பு யாரைத் தடுக்கிறது என்று பார்க்கவேண்டாமா? தரகர் கடல் கடந்து சரக்கை அனுப்புகிறவர். அவருக்கு இதனால் இடைஞ்சல் ஏற்படுவது உண்மை. உல்லாசப் பிரயாணியோ வந்து போகிறவர். அவர் தம் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். இவ்விருவரையும் விட்டால் மிஞ்சுகிறவர் யார்? யென்னில் சம்பளம் பெறுகிறவர். யென்னில் வீட்டு வாடகை கொடுக்கிறவர். நாணயம் வீழ்ந்ததால் ஜப்பானியரோடு கூடவே நஷ்டமடைந்தவர். குறுகிய காலம் தங்கவரும் பிரயாணிக்கு 100-க்கு 10 வீதமுள்ள விற்பனை வரியிலிருந்து விலக்கு உண்டு. குடியிருக்கும் அயலாருக்கு அந்த விலக்குக் கிடையாது; அவர் ஜப்பானியரைப் போலவே வரி கொடுக்கிறார். சர்க்கார் வரி வாங்கும்போது அவர் உள்ளூரார். கம்பெனி விலை கேட்கும்போது மட்டும் அவர் வெளியூரார்! உள்நாட்டாருக்குக் குறைந்த விலை என்ற கொள்கையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் உள்நாட்டார் யார் என்பதைத் தாய்மொழி கொண்டு நிர்ணயிப்பதை ஆதரிக்க முடியாது.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். அயல்நாட்டில் வாழ்கிறவருக்குச் சில தொல்லைகள் இயற்கையாக வருகின்றன. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் தேசத்தில் 230 வோல்ட். அந்நாட்டுக்குள்ளேயே கிழக்குப் பகுதியில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியும் மேற்குப் பகுதியில் 60 சுழற்சியுமாக ஓடுகிறது. பழைய காலத்தில் ஒரு பக்கத்தார் ஜெர்மனியிலிருந்தும் மற்றொரு பக்கத்தார் அமெரிக்காவிலிருந்தும் மின் யந்திரங்களைத் தருவித்ததன் விளைவு அது. அங்கே விற்கும் சோறு சமைக்கும் கருவியிலும், துணி துவைக்கும் யந்திரத்திலும் பொத்தான்மீது ஜப்பானிய எழுத்தே அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்கும் அயலார் எந்தப் பொத்தான் எதற்கு என்று தாமே காகிதத் துண்டில் எழுதி ஒட்டிக்கொள்கிறார். இதற்காக அவர் யாரையும் நொந்துகொள்வதில்லை. பொத்தானில் பத்துப் பாஷைகளையும் அச்சிட இடமில்லை. வேறு பொத்தான் செய்வதற்குச் செலவாகும். அது அவருக்குத் தெரியும்.

வீடியோ விளையாட்டு யந்திரத்தின் விஷயம் அப்படிப்பட்டதா? பல பாஷைகளும் ஏற்கெனவே ஆக்கி முடிக்கப்பட்டவை. உலகின் பிற பாகங்களுக்குச் செல்லும் யந்திரங்களில் கேட்காமலே கொடுக்கப்படுபவை. அவற்றைச் சேர்ப்பதற்காக ஆன செலவு 20,000 யென் என்று யாரும் சொல்லப்போவதில்லை. விலை கேட்கப்படுவது உழைப்புக்கன்று, சாவிக்கு. ஒருவனை ஊமையாக்கி வைத்துவிட்டுப் பிறகு அவனுடைய நாவை விலைக்கு விற்பதுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு. சில விளையாட்டுகளில் பாஷையைத் தெரிந்தெடுக்கும் வசதி விளையாட்டுக்குள்ளேயே இருப்பதால் அவற்றுக்குத் தப்ப வழியுண்டு. யந்திரத்தின் பாஷையையே பின்பற்றும் விளையாட்டுகளுக்கு அந்த வழியும் இல்லை. மேலும், ஜப்பானைத் தேசமாகப் பதிந்துகொண்ட கணக்கைத் தவிர வேறு கணக்கை அந்த யந்திரத்தில் சேர்க்க இயலாது. பிறந்த நாட்டுக் கணக்கில் பல வருஷங்களாகப் பணம் கொடுத்துச் சேர்த்த விளையாட்டுகள் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாதவை ஆகின்றன.

"குடியிருக்கும் நாட்டின் பாஷையைக் கற்றுக்கொள்வதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தாய்மொழியின் பெருமையைப் போற்றுகிற நமக்கு இந்தக் கேள்வி அலட்சியம் செய்யக்கூடியதன்று. எந்த மண்ணில் வாழ்கிறோமோ அந்த மண்ணின் பாஷையைக் கற்பது கடமை. அதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்கமுடியாது. ஆனால் ஜப்பானிய எழுத்து ஒரு வருஷத்தில் கைவரக்கூடியதல்ல. இரண்டு வகை அசையெழுத்துகளோடு, அன்றாட உபயோகத்துக்கென்று சர்க்கார் வகுத்த சித்திர எழுத்துகள் மட்டும் 2,136 உண்டு. பகலெல்லாம் உழைத்து இரவில் அவற்றைக் கற்கிறவர்களுக்கு வீடியோ விளையாட்டே நல்ல உபாத்தியாயராக விளங்கியிருக்கிறது. ஒரு கதையை முதலில் தெரிந்த பாஷையில் ஆடி, மறுமுறை ஜப்பானிய பாஷையில் ஆடிப் பார்த்தால், அகராதி கற்பிக்காத பேச்சு வழக்கை அது கற்பிக்கும். இரண்டு பாஷைகளும் ஒரே யந்திரத்தில் இருந்தால்தான் இது சாத்தியம். பாஷையின்மீது அன்பு திறந்த கதவின் வழியாக வரும். அபராதம் விதித்து யாரும் எந்தப் பாஷையையும் வளர்த்ததில்லை.

குழந்தைகளின் நிலையை நினைத்தால் விஷயம் இன்னும் கவலைக்குரியதாகிறது. ஜப்பானியப் பள்ளியில் படிக்கும் அயல்நாட்டுக் குழந்தை அந்த எழுத்தை விரைவில் கற்றுக்கொள்கிறது. தாயாரால் அவ்வளவு விரைவில் கற்க முடிவதில்லை. குழந்தை எத்தனை நாழிகை விளையாடலாம், எந்த விளையாட்டை ஆடக்கூடாது, யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் பெற்றோர் கட்டுப்படுத்துவதற்கு யந்திரத்தில் ஏற்பாடுகள் உள்ளன. கம்பெனியார் அவற்றைப் பெருமையாகவும் விளம்பரம் செய்கிறார்கள். யந்திரத்தின் திரையில் தோன்றும் எச்சரிக்கையைக் குழந்தை படிக்கும், தாய் படிக்கமாட்டாள் என்றால், வீட்டில் கட்டுப்பாடு யார் கையில் இருக்கும்? 20,000 யென் மிச்சம் பிடிக்க எண்ணிய குடும்பத்துக்கு இது கிடைக்கக்கூடிய வெகுமதியா?

இனி, தரகரைத் தடுக்க வேறு வழியே இல்லையா என்று பார்ப்போம். வழி உண்டு என்பதற்குக் கம்பெனியாரே சாட்சி. அவர்கள் தங்கள் சொந்தக் கடையில் 'ஸ்விட்ச் 2' வாங்க விரும்பியவர்களுக்குக் குலுக்கல் நடத்தியபோது இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள். 2025-ம் வருஷம் பிப்ரவரிக் கடைசிக்குள் பழைய 'ஸ்விட்ச்' யந்திரத்தில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்கவேண்டும். அவர்களுடைய சந்தாச் சேவையில் மொத்தம் ஒரு வருஷமாவது சேர்ந்திருக்கவேண்டும். இந்த நிபந்தனைகளுக்குப் பின்னும் ஜப்பானில் மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்று கம்பெனித் தலைவர் ஃபுருகாவா ஏப்ரல் மாதத்தில் தெரிவித்தார். உண்மையான ரசிகர் யார், மூட்டை கட்டும் தரகர் யார் என்று பிரித்தறியும் சல்லடை கம்பெனியின் கையிலேயே இருந்தது என்பது இதனால் விளங்கவில்லையா? பல வருஷங்களாக ஜப்பானியக் கணக்கு வைத்து, ஜப்பானியப் பணத்தில் விளையாட்டுகளை வாங்கிவந்தவர் பிறப்பினால் எந்த நாட்டாராயிருந்தால் என்ன? அவருக்குக் குறைந்த விலைக்கே பல பாஷை யந்திரத்தைக் கொடுத்தால் தரகருக்கு அதில் என்ன லாபம்? உண்மையில் நடந்ததோ வேறு. பல பாஷை யந்திரம் கம்பெனியின் சொந்தக் கடையில் மட்டுமே விற்கப்பட்டது. அயலார் அதிக விலையும் கொடுத்து, குலுக்கலில் அதிர்ஷ்டத்தையும் எதிர்பார்த்து நிற்கவேண்டியதாயிற்று.

அதே வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி முதல், பிற தேசங்களில் கொடுக்கப்பட்ட கடன் அட்டைகளை ஜப்பானியக் கடையில் ஏற்றுக்கொள்வதையும் கம்பெனியார் நிறுத்தினார்கள். மோசடியைத் தடுப்பதே நோக்கம் என்று காரணம் கூறப்பட்டது. மோசடி தடுக்கப்படவேண்டியதுதான், கடைகளில் விற்கும் முன்பண அட்டையை வாங்கிச் சமாளிக்கவும் வழியுண்டு. எனினும், புதிதாக வந்திறங்கி உள்ளூர் அட்டை இன்னும் கிடைக்காமல் இருப்பவருக்கு ஒரு கதவுக்குமேல் மற்றொரு கதவாக அடைபடுவதுபோல்தான் தோன்றும்.

ஒரு பெரிய கம்பெனி காட்டிய வழியில் மற்றொன்று செல்வது உலக இயல்பு. சோனி கம்பெனியார் 2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி, தட்டு இல்லாத 'பிளேஸ்டேஷன் 5' யந்திரத்தை ஜப்பானிய பாஷைக்கு மட்டும் என்று 55,000 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பாஷைத் தடையில்லாத யந்திரத்துக்கு அவ்வமயம் ஜப்பானில் இருந்த விலை 72,980 யென். இதற்கும் ஜப்பானியக் கணக்கே வேண்டும். இன்று இரண்டு கம்பெனிகள். நாளை டெலிபோன் கருவிக்கும், கணினிக்கும், மோட்டார் வண்டியின் திரைக்கும் இதே முறை வந்தால் யார் தடுப்பது? வாங்கிய பொருள் வாங்கியவனுக்குச் சொந்தம் என்ற பழைய தர்மம், பொருளுக்குள்ளே இருப்பதில் எந்தப் பங்கு யாருக்கு என்பதை விற்றவனே பிற்பாடும் தீர்மானிக்கும் புதிய வழக்கத்துக்கு இடங்கொடுத்துவிடும்.

நம் நாட்டு நேயர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஜப்பானிலிருந்து ஊருக்கு வரும் அண்ணனையோ மாமாவையோ, அங்கே விலை மலிவு என்று கேட்டு ஒரு யந்திரம் வாங்கிவரச் சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. பெட்டியின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டால், வீட்டுக்கு வந்து சேருவது ஜப்பானிய பாஷை மட்டும் பேசி, ஜப்பானியக் கணக்கை மட்டும் ஏற்கும் யந்திரமாக இருக்கும். பூட்டை உடைக்கிறேன் என்று யந்திரத்தின் உட்பொருளில் கைவைப்பதும் விவேகமாகாது; அதனால் உள்ளதும் போய்விடக்கூடும்.

ஆகவே, கம்பெனியாருக்கு நாம் கூறுவது இதுதான். உள்நாட்டு ஜனங்களுக்குச் சலுகை விலையை நிறுத்தவேண்டாம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்தச் சலுகையைக் குடியிருப்பை ஒட்டிக் கொடுங்கள்; பாஷையை ஒட்டிக் கொடுக்கவேண்டாம். மலிவு யந்திரத்தை வாங்கி, ஜப்பானியக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட காலம் விளையாடியவருக்காவது மற்றப் பாஷைகளைத் திறந்துவிடுங்கள். தரகர் அவ்வளவு காலம் காத்திருக்கமாட்டார், ரசிகர் காத்திருப்பார். பெற்றோர் கையாளவேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளையும் எச்சரிக்கைகளையுமாவது எந்த யந்திரத்திலும் எல்லாப் பாஷைகளிலும் வையுங்கள்; குழந்தையின் நலனுக்குச் சாவி போடுவது எந்த வியாபாரத்துக்கும் அழகாகாது.

ஜப்பானிய விளையாட்டுகள் உலகத்தாரின் உள்ளத்தைக் கவர்ந்தது சேனை பலத்தால் அன்று; கலையின் இனிமையால். அந்த இனிமையில் மயங்கித்தான் எங்கெங்கோ பிறந்த இளைஞர்கள் அந்தத் தேசத்துக்குக் கப்பலேறாமலே மனத்தால் குடியேறினார்கள். பிறகு உடலாலும் குடியேறினார்கள். அவர்கள் அந்நாட்டின் கலைக்குச் சம்பளமில்லாத தூதர்கள். வாசல் வரைக்கும் வந்துவிட்ட அத்தூதர்களிடம் உள்ளே நுழைவதற்குத் தனிக் கட்டணம் கேட்பதால் கம்பெனிக்குச் சேரும் பணம் சொற்பம். இழக்கும் நல்லெண்ணமோ பெரிது. கியோட்டோவில் உள்ளவர்கள் கணக்கறிந்தவர்கள். இந்தக் கணக்கையும் அவர்கள் போட்டுப் பார்ப்பார்களென்று நம்புகிறோம்.